இலையை நம்பாதீர், உறையைப் பாருங்கள்

குந்தாரப்பள்ளி ஏரிக்கரையில் நிற்பவருக்கு நீரடியில் ஆடுவதெல்லாம் பாசிதான். அவற்றில் கணுவுக்குக் கணு இலைகள் வட்டமாகச் சூழ்ந்திருந்தால் அது ஹைட்ரில்லா. ஒவ்வொன்றாக, நூல்போல் நீண்டிருந்தால் ஸ்டக்கேனியா பெக்டினேட்டாவாக இருக்கலாம். தமிழக நீர்நிலைகளிலும் ஐரோப்பாவின் வடகோடியிலும் வளரும் செடி இது. 1753இல் லின்னேயஸ் பெயரிட்டார். அன்று அது பொட்டமொகெட்டான் பேரினத்தில் இருந்தது.

ஆர்க்டிக் பகுதியில் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு: ஸ்டக்கேனியா ஃபிலிஃபார்மிஸ். லடாக்கின் குளிர்நீரிலும் வளரும். இரண்டையும் பிரிப்பது லேசில்லை. ஆழமும் நீரோட்டமும் மாறினால் இலையின் நீள அகலமும் மாறிவிடும். இலையடியில் தண்டைச் சுற்றிய உறைதான் உதவும். பெக்டினேட்டாவில் அதன் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்திருக்கும். ஃபிலிஃபார்மிஸில் மூடிய குழாய். இளம் இலையில் பார்ப்பதே நல்லது, முதிர்ந்த குழாய் கிழிந்து ஏமாற்றும். கனியும் சாட்சி சொல்லும்: முன்னது 3 மில்லிமீட்டருக்கு மேல், பின்னது பெரும்பாலும் அதற்குள்.

இவை கலந்தும் பிறக்கின்றன. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் ஆறுகளில் அந்தக் கலப்பினம் இன்றும் உண்டு. பெற்றோரில் ஒன்றான ஃபிலிஃபார்மிஸ் அங்கே இல்லை.