பின்போல் கண்ணாடிக்குப் பிணைச்சல்

பிரான்சின் கோப்பிக் கடைகளில் 'பிலிப்பர்' என்றும், ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் 'பின்போல்' என்றும் சொல்லப்படும் விளையாட்டு இயந்திரத்தை வாசகர்கள் பார்த்திருப்பர். பந்தைத் தட்டும் மின்துடுப்புகள் 1947இல் சிக்காகோவின் கொட்லீப் நிறுவனம் வெளியிட்ட 'ஹம்ப்டி டம்ப்டி' ஆட்டத்துடன் வந்தன. பின்னர் உள்ளே இலத்திரனியல் புகுந்து எல்லாம் மாறியது. மேற்கண்ணாடி மட்டும் பெரும்பாலும் பழையபடியே வழுக்கி எடுக்கப்படுகின்றது.

பந்தொன்று சிக்கினாலும் மின்குமிழொன்று அணைந்தாலும் அக்கண்ணாடி முழுவதையும் வெளியே எடுத்தாக வேண்டும். காசுக் கதவைத் திறந்து, உள்ளேயுள்ள நெம்பை இழுத்து, முன்சட்டத்தைக் கழற்றிய பின்னரே அது நம்மை நோக்கி வழுக்கி வரும். வழக்கமான அளவு 43 அங்குல நீளம், 21 அங்குல அகலம். நிறை ஏறத்தாழ 7 கிலோ. தூக்குவது கடினமன்று. தூக்கியதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

இது 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றடித்து விரைவாகக் குளிரவைத்து வலுவூட்டிய கண்ணாடி. புறப்பரப்பு இறுகியும் உட்பகுதி இழுபட்டும் நிற்கும். ஆகையால் நடுவில் உருக்குப் பந்து மோதினாலும் தாங்கும் அதே கண்ணாடி, மூலையொன்று தரையோட்டில் தட்டினால் நொடிப்பொழுதில் சிறுமணிகளாய்ச் சிதறிவிடும். கடைகளில் துப்புரவு வேலை செய்யும் நம்மவர், இதனைத் துடைக்கச் சொன்னால், மடித்த துணியின்மீதோ கம்பளத்தின்மீதோ மட்டும் வைப்பார்களாக.

இவ்விடரைத் தவிர்க்க, இயந்திரத்தை வீட்டில் வைத்திருப்போர் சிலர் கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தி, தலைப்பெட்டிப் பக்கம் பிணைச்சலிட்டு, கார் மூடிபோலத் திறக்கச் செய்கின்றனர். வலுவூட்டிய கண்ணாடியில் பின்னர் துளையிடுதல் இயலாது, முயன்றால் வெடிக்கும். ஆகவே பிணைச்சல் சட்டத்தில்தான் இருத்தல் வேண்டும். சட்டமும் உலோகம் கண்ணாடி விளிம்பில் படாதவாறு, இறப்பர் வைத்துப் பிடிக்க வேண்டும். சட்டத்தின் தடிப்பு மிகுந்தால் முன்சட்டம் பூட்டாது. பூட்டாத பெட்டிக்குள் சிறுவர் கைவிடுவர் என்பதைச் சொல்ல வேண்டுமா?

இன்னொன்றையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அடிப்பக்கக் கம்பிகளைத் திருத்துவதற்கு ஆட்டப் பலகையையே நிமிர்த்தித் தலைப்பெட்டியில் சாய்ப்பார்கள். திறந்த கண்ணாடி அங்கே நின்றால் பலகை அதன்மேல் மோதும். எனவே ஊசியை உருவிச் சட்டத்தை முற்றாகக் கழற்றக்கூடிய பிணைச்சலே நல்லது. பந்து எடுக்கவும் தூசு துடைக்கவும் திறந்தாற் போதும். பெரிய திருத்தத்துக்குக் கழற்றத்தான் வேண்டும்.

நாள்தோறும் திறப்பவருக்கு இவ்வேலைப்பாடு பயன் தரும். மாதமொருமுறை திறக்கும் கடைக்காரருக்கு, என் எண்ணத்தில், வீண்செலவு. பொருத்துவோர் மூடியைத் தாங்கும் வாயுத்தண்டுகளை மட்டும் நம்பலாகாது. அவை நாட்படத் தளர்ந்துவிடும். கண்ணாடி மெல்ல இறங்கி, உள்ளே குனிந்திருப்பவர் கையில் விழும். பக்கத்தில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்த பின்னரே கையை உள்ளே விடுதல் வேண்டும்.