எண்ணப்படாத பந்துகள்

கோடை விடுமுறையில் ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்துப் பக்கம் டென்னிஸ் பந்துத் தொடர்போட்டி நடந்தால், கமிட்டி மேசையில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கும். நுழைவுக் கட்டணம், பரிசுத்தொகை, யார் எத்தனை சிக்ஸர் என்பதுவரை. வேகமாகப் போடுகிற அந்தப் பதினைந்து வயதுப் பையன் இந்த வாரம் மொத்தம் எத்தனை பந்து போட்டான் என்பது மட்டும் எந்த நோட்டிலும் ஏறாது. காலையில் சொந்த டீம், மதியம் பக்கத்து ஊர் டீம், சாயங்காலம் பயிற்சி. ஒரு மேட்ச்சில் அவனுக்கு இரண்டு ஓவர்தானே என்பதால் யாருக்கும் அது பெரிதாகத் தெரிவதில்லை.

கேட்டால் வேகப்பந்து வீச்சாளர் நடராஜனைக் காட்டுவார்கள். நியாயமான பெருமைதான். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் பழகியவர், 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு நெட் பவுலராகப் போய், அதே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக ஆடினார். பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். மீதியையும் படிக்க வேண்டும்: 2021 ஏப்ரலில் முழங்கால் அறுவை சிகிச்சை. அவருடைய சர்வதேசக் கணக்கு 1 டெஸ்ட், 2 ஒருநாள், 4 டி20. காயத்துக்கு இன்னதுதான் காரணம் என்று வெளியில் இருந்து யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் பிசியோவும் ஸ்கேனும் கூப்பிடு தூரத்தில் இருந்த, வளர்ந்து முடிந்த உடம்பு அது. நம் பையனிடம் இருப்பது ஒரு வலி ஸ்பிரே.

“டென்னிஸ் பந்து லேசுதானே” என்பது அடுத்த சமாதானம். பந்தின் எடை இங்கே பெரிய விஷயமே இல்லை. ஓடி வந்து முன்காலை ஊன்றும் நொடியில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்தக் காலில் ஏறுகிறது. அதே நொடியில் இடுப்பு ஒரு பக்கமாக வளைந்து திருகுகிறது. கீழ்முதுகு எலும்பில் நுண்விரிசல் விழுவது பெரும்பாலும் பந்து போடும் கைக்கு எதிர்ப்பக்கம். எலும்பு முழுதாக இறுகாத வளரும் பருவத்தில் இந்த ஆபத்து அதிகம். நம்மூரில் அதற்குப் பெயர் சுளுக்கு. எண்ணெய் தேய்த்து வழித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மறுபடி இறக்கிவிடுகிறோம். ஆரம்ப நிலை விரிசல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம் என்பதால், “படத்தில் ஒன்றுமில்லை” என்ற ஆறுதலும் சேர்ந்துகொள்கிறது.

வெளியே தெரியாத வலி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, எறிந்து பிழைத்தவர்களில் பழைய ஆள் ஒருவரைப் பார்க்கலாம். அமெரிக்க பேஸ்பாலில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்குப் பந்தெறிந்தவர் ஜோ வுட். 1912இல், 22 வயதில், 34 வெற்றி, 5 தோல்வி. 35 ஆட்டங்களில் தொடக்கம் முதல் கடைசிப் பந்துவரை அவரே எறிந்தார். அந்த ஆண்டு வேர்ல்ட் சீரிஸில் மட்டும் 3 வெற்றி. 1913இல் ஈரப் புல்லில் வழுக்கி விழுந்து வலக்கைக் கட்டைவிரல் முறிந்தது. அதன்பின் எறியும்போதெல்லாம் தோள் வலித்தது. விரல் முறிந்த பின் சீக்கிரமே எறியத் தொடங்கியதாலா, விழுந்தபோதே தோளிலும் அடிபட்டதா என்று பின்னாளில் அவராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வலியோடு எறிந்தும் 1915இல் லீகிலேயே குறைந்த ரன் சராசரி அவருடையதுதான்: 1.49. வெளியே இருந்து பார்த்தவர்களுக்குக் கை நன்றாக இருப்பதாகவே தோன்றியிருக்கும். 1916 முழுவதும் அவர் ஆடவில்லை. பிறகு கிளீவ்லாந்து அணிக்குப் போய், பந்தெறிவதை விட்டு மட்டையோடும் ஃபீல்டிங்கோடும் 1922வரை தாக்குப்பிடித்தார். 95 வயதுவரை வாழ்ந்த மனிதருக்கு, பந்தெறிபவராக உச்சத்தில் இருக்கக் கிடைத்தது சில ஆண்டுகளே.

அமெரிக்க பேஸ்பாலில் இன்று 13, 14 வயதுப் பையன் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் எறியக் கூடாது என்று வழிகாட்டுதல் இருக்கிறது. 66 பந்தோ அதற்கு மேலோ எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு ஸ்பெல்லுக்கு 6 ஓவர், ஒரு நாளைக்கு 12 ஓவர் என்று வரம்பு கட்டியது. நம் பையனின் மேட்ச் ஓவர்களை மட்டும் கூட்டினால் இந்த வரம்புக்குள்தான் வருவான். சிக்கல் அதில் இல்லை. பயிற்சிப் பந்துகளை யாரும் சேர்ப்பதில்லை. விடுமுறை முழுக்க ஒரு நாள்கூட இடைவெளி விடுவதில்லை.

கமிட்டிக்காரர்கள் ஸ்கோர் நோட்டில் பவுலரின் வயதையும், அன்று அவன் வேறெங்கு போட்டான் என்பதையும் எழுத ஒரு பத்தி ஒதுக்கினால் போதும், காசு செலவில்லை. ஒரே பையன் ஒரே நாளில் இரண்டு டீமுக்குப் போடுவதைத் தடுப்பதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. பெற்றோருக்கு ஒன்று: கீழ்முதுகில் ஒரு பக்கம் மட்டும் வலி, பின்னால் வளைந்தால் கூடுகிறது, ஒரு வாரமாகியும் விடவில்லை என்றால் வழிப்பதை நிறுத்துங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்குக் கூட்டிப்போய், பையன் வேகப்பந்து போடுகிறவன் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.