சரிவில் விழாத காயங்கள்

விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் போடிநாயக்கனூரின் தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நின்றுவிடும். சோற்றுத் தூக்கும், மழைக்குப் போர்த்த பிளாஸ்டிக் தாளும் எடுத்துக்கொண்டு பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டைக் கடந்தால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்கள் விரியும். காய் எடுக்கும் காலம் பெரும்பாலும் ஆடியில் தொடங்கித் தை வரை போகும். அதில் பாதி நாள் தரை ஈரம்தான். கால் வழுக்குவது அங்கே செய்தியே அல்ல.

அதனால், கன்னம் வீங்கியோ கை ஒடிந்தோ ஆஸ்பத்திரிக்கு வரும் பெண், "மலையில வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்" என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. பலர் உண்மையிலேயே விழுந்தவர்கள். சிலர் வீட்டுக்குள் அடிபட்டவர்கள். இரண்டாவது வகையினருக்கு அந்த ஒரு வரி வைத்தியத்தையும் கெடுக்கிறது, பின்னாளில் வழக்கையும் கெடுக்கிறது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான 18–49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு எப்போதாவது ஆளானவர்கள். நாட்டின் சராசரி 29.3. படிப்பிலும் மருத்துவத்திலும் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் இதில் சராசரிக்கு மேலே நிற்பது நாம் பேச விரும்பாத சங்கதி. வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுவதும் 14 சதவீதமே.

விழுந்தால் எங்கே அடிபடும்?

கால் இடறும்போது கை தானாக முன்னே நீளும். உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை, முழங்கால், கணுக்கால் ஆகியவைதான் விழுந்தவருக்கு அடிபடும் இடங்கள். அடிவாங்கியவருக்கு முகம், கண்ணைச் சுற்றி, காது, கழுத்து, மார்பு, வயிறு என்று தலையிலும் உடம்பின் நடுப்பகுதியிலும் காயம் இருக்கும். அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினால் முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறியும். ஓங்கி அறைந்ததில் செவிப்பறை கிழிந்து, காது மந்தமாகி வருபவர்களும் உண்டு. பழைய தழும்பும் புதுக் காயமும் சேர்ந்தே தெரிந்தால் அனுபவமுள்ள செவிலியர் உடனே கவனிப்பார். இவை எதுவும் தீர்ப்பு அல்ல. தனியே அழைத்துப்போய்க் கேட்க வேண்டும் என்பதற்கான குறிப்பு.

வெளியே தெரியாத நோய்களே அதிகம். தீராத தலைவலி, அடிவயிற்று வலி, தூக்கமின்மை, படபடப்பு என்று மாத்திரை வாங்கிக்கொண்டே இருப்பார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. கணவரின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்றும், எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் கணக்கிட்டது. கர்ப்ப காலத்தில் வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியர் ரத்த அழுத்தம் பார்ப்பதோடு, மாமியார் இல்லாத நேரத்தில் "வீட்ல எல்லாம் சரியா இருக்காம்மா?" என்று கேட்பதும் பரிசோதனைதான்.

நம் செய்தித்தாள்களில் ஒரு வாடிக்கை உண்டு. பூச்சிமருந்து குடித்த பெண்ணைப் பற்றிய செய்தியில் "தீராத வயிற்றுவலி" என்று காரணம் போட்டுவிடுவார்கள். அந்த வயிற்றுவலி எங்கிருந்து வந்தது என்று எழுதுவதில்லை. தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து வீட்டிலேயே இருக்கும் ஊர்களில் இது சின்ன விஷயமல்ல. வாழ்ந்தது போதும் என்று தோன்றினால் 104 அல்லது 14416 எண்ணில் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. வழக்குக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

கழுத்தை நெரித்திருந்தால்

இதற்கு மட்டும் தாமதமே கூடாது. கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே ரத்தக்குழாய் சேதப்பட்டிருக்கலாம். சில நாள் கழித்துப் பக்கவாதமாக வெளிப்படலாம். குரல் கம்மல், விழுங்க வலி, கண்வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், சில நொடி நினைவு தப்பியது, தன்னையறியாமல் சிறுநீர் போனது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். போடி அரசு மருத்துவமனையில் முதலுதவி, தேவைப்பட்டால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஒருமுறை கழுத்தை நெரித்தவர் பின்னால் கொலை வரை போகும் ஆபத்து பல மடங்கு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "கோபத்துல கழுத்தப் பிடிச்சாரு, அவ்வளவுதான்" என்று விட்டுவிடும் விஷயம் அல்ல.

சீட்டில் ஏறும் ஒரு வரி

மருத்துவமனையில் "எப்படி அடிபட்டது?" என்பதற்கு நீங்கள் சொல்லும் பதில் விபத்துப் பதிவேட்டில் ஏறுகிறது. ஏ.ஆர். காப்பி என்று வக்கீல்கள் கேட்பது இதைத்தான். "கீழே விழுந்தார்" என்று அதில் இருந்தால், ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டும் காகிதம் அதுவாக இருக்கும். யார், எப்போது, எதனால் அடித்தார் என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். கூட வந்த கணவரை வெளியே நிற்கச் சொல்ல மருத்துவருக்கு முழு உரிமை உண்டு.

குடும்ப வன்முறைச் சட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு விதிகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. புகார் பதிவாகவில்லை என்று சொல்லி எந்த மருத்துவ நிலையமும் சிகிச்சையை மறுக்கக் கூடாது. குடும்ப நிகழ்வு அறிக்கை அதுவரை எழுதப்படவில்லை என்றால், மருத்துவமனைப் பொறுப்பாளரே அதற்கான படிவத்தை நிரப்பிப் அந்தச் சட்டத்தின்கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். பரிசோதனை அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். இந்த விதி பல வார்டுகளில் தெரியாமலே கிடக்கிறது என்பது என் எண்ணம். கேட்டு வாங்குபவர்கள் பெருகினால்தான் அது உயிர்பெறும்.

மும்பை பாந்திராவின் பாபா மருத்துவமனையில் 2000ஆம் ஆண்டு வாக்கில் 'திலாசா' என்ற மையம் தொடங்கியது. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஆலோசனையை மருத்துவமனைக்குள்ளேயே கொண்டுவந்த முன்னோடி அது. கேரளத்தில் 'பூமிகா' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் இதே வேலை நடக்கிறது. மலைக்கு வேலைக்குப் போகும் நம் பெண்களுக்கும் அது பயன்படும்.

ஜெயிலுக்கு அனுப்பாமலே

"அவரை ஜெயில்ல போட வேண்டாம், அடிக்காம இருந்தா போதும்" என்பதே பெரும்பாலான பெண்கள் கேட்பது. அதற்கென்றே இருப்பது 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அடிக்கக் கூடாது, வேலையிடத்துக்கு வந்து தகராறு செய்யக் கூடாது என்று தடை ஆணை, வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்ற ஆணை, மருத்துவச் செலவும் பராமரிப்புத் தொகையும், குழந்தைகளைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைப்பது, இழப்பீடு. இவ்வளவையும் ஒரே மனுவில் மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், குடும்பமாக அதில் வாழ்ந்த மருமகளுக்குக் குடியிருக்கும் உரிமை கேட்க இடமுண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது.

மனைவி மட்டுமல்ல, மகன் அடிக்கும் தாயும், அண்ணன் துரத்தும் விதவைத் தங்கையும் மனுச் செய்யலாம். அடி மட்டுமே வன்முறை என்றும் சட்டம் சொல்லவில்லை. சனிக்கிழமைக் கூலியைப் பிடுங்கி டாஸ்மாக்கில் கொடுப்பதும், மகளிர் உரிமைத் தொகை விழும் ஏ.டி.எம். கார்டைப் பறித்து வைப்பதும், நகையை அடகு வைப்பதும் பொருளாதார வன்முறைக்குள் வரும். மனைவிக்குப் பதினெட்டு வயதாகிவிட்டால் கணவரின் பாலியல் வன்புணர்வை நம் தண்டனைச் சட்டம் இன்னும் குற்றமாகக் கருதவில்லை. ஆனால் பாலியல் கொடுமை இந்தச் சட்டத்தில் வன்முறையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது.

முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு அதிலிருந்து 60 நாளுக்குள் என்பது சட்டத்தின் கணக்கு. நடைமுறை அதைவிட நீளும். எனவே மனுவோடு இடைக்கால ஆணையையும் கேட்பதே புத்திசாலித்தனம். தடை ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. அது ஜாமீனில் விட முடியாத குற்றம். கொடுமை அளவு மீறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவில் தனியாகக் குற்ற வழக்கும் போடலாம். ஒன்று இருப்பதால் மற்றொன்று தடைபடாது.

மேலே ஒரு மாநிலம், கீழே ஒரு மாநிலம்

வீடு போடியில், கணவர் தங்கும் தோட்டக் குடியிருப்பு (லயம்) சாந்தன்பாறையில், அடி விழுந்தது உடும்பன்சோலையில் என்றால் எங்கே வழக்குப் போடுவது? இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் போகச் சொல்வார்களோ என்ற பயத்திலேயே பலர் அடங்கிப்போகிறார்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அந்தப் பயத்துக்கு இடம் வைக்கவில்லை. பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தங்கும் ஊர், வேலை செய்யும் ஊர், எதிர்த்தரப்பு வசிக்கும் ஊர், சம்பவம் நடந்த ஊர் என எங்கு வேண்டுமானாலும் மனுச் செய்யலாம். அடிபட்டுத் தாய்வீட்டுக்கு வந்திருந்தால் தாய்வீட்டு ஊர் போதும். போடி நீதிமன்றம் தரும் ஆணை இடுக்கியிலும் செல்லும். காவல்துறையிலும் எல்லையைக் காட்டித் திருப்பியனுப்ப முடியாது. எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும்.

யாரைக் கூப்பிடுவது

181 பெண்கள் உதவி எண், இரவும் பகலும் இயங்கும். மலையில் கேரள டவர் பிடித்திருந்தால் அழைப்பு அங்குள்ள 'மித்ரா' மையத்துக்குப் போகக்கூடும். பதற வேண்டாம், அவர்களும் இதே வேலையைச் செய்பவர்கள்தான். உயிருக்கு ஆபத்து என்றால் 112. போடியிலேயே அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. தேனி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட சமூக நல அலுவலகம் உண்டு. பாதுகாப்பு அலுவலரைப் பற்றி அங்கே கேளுங்கள். மனு எழுதுவது முதல் தங்குமிடம் வரை உதவுவது அவருடைய கடமை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் தேனி போய்வர யாரிடமும் காசு கேட்க வேண்டியதில்லை. மாவட்டந்தோறும் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கவும், மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி பெறவும் முடியும். தேனி லட்சுமிபுரம் நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி கிடைக்கும். பெண் என்றாலே போதும், வருமானச் சான்று தேவையில்லை. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

காவல் நிலையத்தில் இருவரையும் உட்காரவைத்துப் பேசி அனுப்புவது நம் ஊர் வழக்கம். அதில் சேர்ந்து வாழ்ந்தவர்களும் உண்டு. ஆனால் "இன்னைக்கு ராத்திரி நீ எங்க படுப்ப?" என்று கேட்காமல் செய்யும் சமாதானம் ஆபத்தானது. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை முன்கூட்டியே நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வைப்பது நல்லது. பெண் வீட்டைவிட்டுக் கிளம்பும் நாளும் அதற்கடுத்த நாட்களும்தான் அடி பலமாக விழும் காலம்.

பக்கத்தில் உட்கார்ந்து ஜீப்பில் வருபவளுக்கு எல்லாம் தெரியும். தனக்கு வம்பு வருமோ என்றுதான் வாயைத் திறப்பதில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அவளுக்கானது. வன்முறை நடக்கிறது, நடக்கப்போகிறது என்று நம்பக் காரணமுள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது எந்த வழக்கும் போட முடியாது. தோட்டத்து சூப்பர்வைசரும் சொல்லலாம், ஜீப் டிரைவரும் சொல்லலாம்.