பெருங்குடலுக்கும் பசிக்கும்

சிம்பாங் அம்பாட்டில் எங்கள் வீட்டுக் காலை உணவு பெரும்பாலும் பழைய சோறுதான். கூடவே மோர், சின்ன வெங்காயம், வறுத்த நெத்திலி. சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத தன்மை பெற்றுப் பெருங்குடல்வரை போய்ச் சேருகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் முதலிய அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருளே பியூட்டிரேட்தான். இந்த அமிலங்கள் உப்பையும் நீரையும் உறிஞ்சவும் துணைசெய்கின்றன.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் இதைக் காலரா சிகிச்சையில் சோதித்தார்கள். உப்பு சர்க்கரைக் கரைசலோடு எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தையும் கொடுத்தபோது வயிற்றுப்போக்கு விரைவில் நின்றது. 2000-இல் ஆய்வு வெளியானது.

பருப்பு, கீரை, வாழைக்காய் எல்லாம் பெருங்குடலின் அந்த நுண்ணுயிரிகளுக்கும் தீனிதான். பிள்ளைகளின் தட்டில் தினமும் இவற்றில் ஒன்றாவது இருக்கட்டும்.