மோட்டார் சைக்கிளுக்கு மோட்டார் காரின் டயர்

வண்டிக்கு ஏற்ற சக்கரம் வேண்டும் என்பது தச்சர் அனைவரும் அறிந்த முறை. அம்முறைக்கு மாறான ஒரு வழக்கம், அமெரிக்க ஐக்கிய நாட்டில் நெடுந்தூரப் பயணஞ் செய்யும் மோட்டார் சைக்கிள்காரருள் ஒரு சாராரிடையே நிலவி வருகின்றது. அவர்கள் தம் ஊர்தியின் பின்சக்கரத்திற்கென்று செய்யப்பட்ட டயரை நீக்கிவிட்டு, மோட்டார் காருக்கென்று செய்யப்பட்ட டயரை அதன்கண் மாட்டிக்கொள்கின்றனர். இங்ஙனஞ் செய்வோர் தம்மை வேடிக்கையாக ‘இருட்பக்கத்தார்’ என்று அழைத்துக்கொள்வதும் உண்டு. டயர் செய்வோர் இது கூடாதென்று எச்சரிக்கின்றனர், மாட்டியவரோ, “பல்லாயிரம் மைல் ஓட்டினோம், ஒரு குறையும் கண்டிலேம்” என்கின்றனர். இவ்விரு திறத்தார் கூற்றையும் சீர்தூக்கி, டயரின் வடிவத்திற்கும் ஊர்தியின் இயக்கத்திற்கும் உள்ள தொடர்பினை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வழக்கம் மிகுதியும் பேசப்படுவது ஹோண்டா கம்பெனியாரின் ‘கோல்டு விங்’ என்னும் ஊர்தியைப் பற்றியே. 1975-ஆம் ஆண்டு மாதிரியாக முதன்முதல் வந்தபோது அதன் எஞ்சின் 999 கன சென்டிமீட்டர் அளவினது. 2001-ஆம் ஆண்டு மாதிரியிலோ, 6 சிலிண்டர்களுடன் 1,832 கன சென்டிமீட்டராக அது வளர்ந்துவிட்டது. 2017 வரை வந்த அவ்வகை ஊர்தியின் எடை 400 கிலோகிராமுக்கு மேற்பட்டது. அதன்மேல் ஓட்டுபவர் ஒருவர், பின்னிருப்பவர் ஒருவர், மூன்று பெட்டி நிறையச் சாமான்கள். இச்சுமையில் பெரும்பகுதியைத் தாங்கி, எஞ்சினின் உந்துதலையும் தரைக்குச் செலுத்துவது பின்டயர் ஒன்றே. ஆதலின் அது விரைவில் தேய்கின்றது. நேர் நெடுஞ்சாலைகளில் நாள்முழுதும் ஓடுவதால் அதன் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாக, ஓரங்கள் புதியனபோல் நிற்க, டயரை எறிய வேண்டியதாகின்றது.

கார் டயரை நாடியோர்க்கு முதற் காரணம் இச்செலவே. கார் டயரின் மேற்பரப்பு அகன்றது; அதன் ரப்பர் பெரும்பாலும் கடினமானது. எனவே அது சைக்கிள் டயரினும் இருமடங்கு, மும்மடங்கு தூரம் உழைக்கின்றது என்பது மாட்டியவர் கூற்று. விலையும் பெரும்பாலும் குறைவே. இரண்டாவது காரணம் சுமை. இதனை அறிய, டயரின் பக்கத்தே பொறிக்கப்பட்டிருக்கும் எண்களைப் படிக்கக் கற்றல் வேண்டும்.

மேற்கூறிய கோல்டு விங்கின் பின்டயரில் ‘180/60 ஆர் 16’ என்றிருக்கும். இதில் 180 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டர் கணக்கில். 60 என்பது, அவ்வகலத்தில் நூற்றுக்கு 60 பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பதைக் குறிக்கும். அஃதாவது 108 மில்லிமீட்டர். ‘ஆர்’ என்னும் எழுத்து, உள்ளிருக்கும் நூலிழைகள் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலக் குறுக்கே செல்வதைக் காட்டும். 16 என்பது டயர் பொருந்தும் ரிம்மின் விட்டம், அங்குலக் கணக்கில். ரிம்மின் விட்டத்தோடு இருபுறச் சுவரையுங் கூட்டினால் முழு விட்டம் 622.4 மில்லிமீட்டராகும். இனி, ‘195/55 ஆர் 16’ என்னும் கார் டயரைக் கணக்கிட்டால் வருவது 620.9. வேற்றுமை ஒன்றரை மில்லிமீட்டரே! இருட்பக்கத்தார் பலர் இவ்வளவினையே தேர்ந்ததன் காரணம் இதனால் விளங்கும். சுமை எண்ணோ இவ்விரண்டிலும் வேறு. முன்னதில் 74 என்று காணப்படும். அதன் பொருள் 375 கிலோகிராம். பின்னதில் வழக்கமாகக் காண்பது 87. அதன் பொருள் 545 கிலோகிராம். பெருஞ்சுமையோடு வெயிலில் விரையும் ஒருவர்க்கு இவ்வேற்றுமை மனநிம்மதி தருவதில் வியப்பில்லை. எனவே, இவர்களை அறிவற்றோர் என்று தள்ளிவிடுதல் முறையன்று. இவர்கள் காணும் நன்மைகள் மெய்யானவையே.

ஆயினும், எண்களில் எழுதப்படாத ஒரு வேற்றுமை உண்டு, அதுவே தலையாயது. கார் டயரின் மேற்பரப்பு பலகை போலத் தட்டையானது. மோட்டார் சைக்கிள் டயரின் மேற்பரப்பு வில்லைப்போல் வளைந்தது. ஏன் இவ்வேற்றுமை?

கார் வளைவிலே திரும்பும்போது அதன் நான்கு சக்கரங்களும் ஏறத்தாழ நிமிர்ந்தே நிற்கின்றன. இரு சக்கர ஊர்தியோ சாயாமல் திரும்ப இயலாது. சாயாவிடின் வெளிப்புறமாகக் கவிழ்ந்துவிடும். எவ்வளவு சாய வேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தாலும் புவியீர்ப்பின் முடுக்கத்தாலும் வகுத்தால் வருவது சாய்கோணத்தின் டான்ஜெண்ட். மணிக்கு 72 கிலோமீட்டர், அஃதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில், 70 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்புவதாகக் கொள்வோம். கணக்கிட்டால் சாய்வு ஏறக்குறைய 30 பாகை. இச்சாய்விலும் தரையோடு நன்கு பொருந்துமாறு அமைந்ததே வளைந்த மேற்பரப்பு. ஊர்தி சிறிது சிறிதாகச் சாயுந்தோறும் டயரின் தொடுபரப்பும் சிறிது சிறிதாக நடுவினின்றும் ஓரத்திற்கு நகர்கின்றது, எவ்விடத்தும் தடையில்லை.

வளைந்த வடிவத்தால் வேறொரு நன்மையும் உண்டு. வாய் அகன்று அடி சிறுத்த தம்ளர் ஒன்றைத் தரையிற் கிடத்தி உருட்டினால், அது நேரே ஓடாமல் வட்டமிட்டு ஓடுவதை எல்லோரும் கண்டிருப்போம். சாய்ந்து உருளும் வளைந்த டயரும் அத்தகையதே. தரையைத் தொடும் பகுதியில், ஓரத்தின்பால் விட்டம் குறைவு. நடுவின்பால் விட்டம் மிகுதி. ஆதலின் சாய்ந்த மாத்திரத்தே அது தானே வளைந்தோட முற்படுகின்றது. ஓட்டுபவர் சாய்வைக் கொடுக்கின்றார். டயர் திருப்பத்திற்குத் துணைசெய்கின்றது.

தட்டையான டயர் இவ்விடத்து என்செய்யும்? குடத்தையும் பெட்டியையும் சாய்த்துப் பார்த்தால் அதன் இயல்பு புலப்படும். உருண்ட குடம் எளிதிற் சாய்ந்து எந்நிலையிலும் இழைந்து உருள்கின்றது. பெட்டியோ சாய்க்குந்தோறும் எதிர்த்து, கைவிட்டவுடன் பழைய நிலைக்கே மீள்கின்றது. கார் டயரோடு கூடிய ஊர்தியைச் சாய்த்தால், சுமை தாங்கும் இடம் நடுவைவிட்டுத் திடீரென ஓரத்தை நோக்கிப் பெயர்கின்றது. அப்பெயர்ச்சி ஊர்தியை நிமிர்த்தப் பார்க்கின்றது. ஓட்டுபவர் வளைவு முடியுமளவும் கைப்பிடியை விடாது அழுத்திச் சாய்வைக் காக்க வேண்டும். சாலை ஒருபுறம் சரிந்திருந்தாலும், வண்டித்தடம் பள்ளமாகப் படிந்திருந்தாலும், தட்டையான டயர் அச்சரிவோடு ஒத்துப்போக முயன்று ஊர்தியை இழுக்கின்றது. டயரின் பக்கச்சுவர் மெத்தென வளைந்துகொடுப்பதால் மேற்பரப்பின் பெரும்பகுதி தரையிலேயே இருக்கும் என்பர் இருட்பக்கத்தார். அது பெரிதும் மெய்யே. ஆனால் அவ்வளைவு, டயரினுள் அடைத்த காற்றின் அளவைப் பொறுத்தது. காற்று மிகுந்தால் ஓரத்தில் நிற்கும். குறைந்தால் தளர்ந்து அசையும். சில பாகைக்கு மேற் சாயாத காருக்கென அமைந்த சுவரை, 30 பாகைச் சாய்வுக்கு உள்ளாக்குகின்றோம் என்பதை மறத்தலாகாது.

மற்றொன்று, ரிம்மைப் பற்றியது. டயரின் உள்விளிம்பில் எஃகுக் கம்பி பொதிந்த தடித்த வளையம் ஒன்று உண்டு. அது ரிம்மின் இருக்கையிற் செறிந்து அமர்ந்தாலன்றிக் காற்று நில்லாது. காரின் ரிம்முக்கும் சைக்கிளின் ரிம்முக்கும் அவ்விருக்கையின் உருவம் வேறு வேறான அளவுமுறைகளால் வகுக்கப்பட்டது. இரண்டிலும் 16 என்று எழுதியிருப்பதனாலேயே இரண்டும் ஒன்றாகிவிடா. இதனால் கார் டயரை அமர்த்துதற்குச் சில வேளை வழக்கத்தினும் மிகுந்த காற்றழுத்தம் வேண்டியதாகின்றது. டயரை அமர்த்துங்கால் சதுர அங்குலத்திற்கு 40 பவுண்டுக்கு மேற்படலாகாது என்று பல கார் டயர்களின் பக்கத்தே எச்சரிக்கை பொறித்திருப்பது காண்க. மேற்பட்டால் விளிம்பு வெடித்து, மாட்டுபவர் உயிருக்கே இடர் நேரலாம்.

கார் டயர் மோட்டார் சைக்கிளுக்கு எங்கும் பொருந்தாதோ எனின், பொருந்தும் இடமும் உண்டு. பக்கத்தே தொட்டி இணைத்த ஊர்திகளிலும், பின்னே இரு சக்கரம் பூட்டி மூன்று சக்கரமாக மாற்றிய கோல்டு விங் ஊர்திகளிலும் கார் டயர் நன்கு பயன்படுகின்றது. ஏனெனில் அவை சாய்வதில்லை. சாயாத ஊர்தியில் வளைந்த டயர்தான் பொருத்தமற்றது. அதன் நடு வீணே தேயும். இதனால், கார் டயரிடத்துக் குற்றம் இல்லை என்பதும், ஊர்தியின் இயக்கத்திற்கும் டயரின் உருவத்திற்கும் இசைவு வேண்டும் என்பதே முடிபு என்பதும் தெளிவாகும்.

இனி, “பல்லாயிரம் மைல் ஓட்டினோம்” என்னும் வாதத்தை நோக்குவோம். அநுபவம் பெரிது, அதனை இகழ்தல் தகாது. ஆயினும் அவ்வநுபவம் எதனைச் சோதித்தது என்று வினவுதல் நம் கடமை. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பெரும்பகுதி நேரானவை. ஆங்கு 20,000 மைல் ஓடிய டயர், நேரே ஓடுவதில் தேர்ச்சி பெற்றது, அவ்வளவே. மான் ஒன்று குறுக்கே பாய, ஒரு நொடியில் இடமும் வலமுமாக ஊர்தியைச் சாய்த்து விலக வேண்டிய வேளை எத்தனை மைலுக்கு ஒருமுறை வரும்? சிலர்க்கு வாழ்நாளில் ஒருமுறையும் வாராது. வந்தபொழுதோ, மேற்கூறிய வேகத்தில் அவ்வொரு நொடிக்குள் ஊர்தி 20 மீட்டர் சென்றுவிடும். பெட்டிபோல் எதிர்க்கும் டயரோடு போராட அப்பொழுது நேரமில்லை. கேடின்றிக் கழிந்த மைல்களைக் கூட்டுவது எளிது. அந்நொடியின் மதிப்பை மைற்கணக்கில் கூட்ட முடியாது. அன்றியும், நலமாக மீண்டவர் தம் கதையைச் சொல்வர், மீளாதவர் சொல்வதற்கில்லை.

பின்னிருப்பவரையும் இங்கு எண்ணுதல் வேண்டும். ஓட்டுபவர் நன்மை தீமைகளை ஆய்ந்து, தம் உயிருக்குத் தாமே பொறுப்பேற்றுக்கொள்ளலாம். பின்னிருக்கும் மனைவியோ மகளோ டயரின் எண்களைப் படித்து ஏறியவர் அல்லர். ஓட்டுபவரை நம்பி ஏறியவர். மிச்சமாகும் பணம் ஒருவர் பையிற் சேர, அதன் இடர் இருவர்மேலும் விழுமாயின், அச்சிக்கனத்தைச் சிக்கனமென்று கூறத் துணியோம். செலவைக் குறைக்க விரும்புவோர்க்கு வேறு வழிகள் உள. காற்றின் அளவை நாடோறும் பார்த்தல், சுமையை வரம்புக்குள் நிறுத்துதல், வேகத்தைத் தணித்தல் ஆகிய மூன்றும் டயரின் ஆயுளை நீட்டிக்கும். ஒருவர்க்கும் தீங்கு செய்யா.

ஒரு பொருளின் உருவம் அது செய்யவேண்டிய தொழிலால் அமைவது. சாயும் ஊர்திக்கு வளைந்த டயரும், சாயாத ஊர்திக்குத் தட்டையான டயரும் அங்ஙனம் அமைந்தவையே. அவ்வமைப்பை மாற்றப் புகுவோர், நேர்ச்சாலையில் அது இனிது ஓடுகின்றதா என்று மட்டும் பாராமல், சாய வேண்டிய நொடியில் அது சாயுமா என்று முதலில் வினவுதல் வேண்டும் என்பது எம் துணிபு.