பூண்டி ஏற்றத்தில் கார் ஏன் திணறுகிறது?

வத்தலக்குண்டில் துள்ளி ஓடிய கார், கொடைக்கானல் தாண்டிப் பூண்டிப் பாதையில் ஏன் முனகுகிறது? குறை பெட்ரோலில் இல்லை, காற்றில். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைவு. சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜன் குறைய, இழுவையும் ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. 796 சிசி மாருதி 800-இன் பழைய கார்புரேட்டர் இதை உணராமல் பெட்ரோலைக் கூடுதலாகவே விடும். கரும்புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும். இன்றைய எஞ்சினில் சென்சார் காற்றை அளக்க, பெட்ரோலும் அதற்கேற்பக் குறைந்துவிடுகிறது.

இன்னொன்று, அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் உள்ளே அழுத்தம் நிற்காது, ஏற்றத்தில் பொங்கிவிடும். மலையேறும் முன் நான் முதலில் பார்ப்பது அந்தச் சின்ன மூடியைத்தான், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு.