வைரஸை எதிர்க்கும் கதிரும் கணினியும்

அலையின் ஆற்றல்

மின்காந்த அலை வைரஸை என்ன செய்யும் என்பது அதன் அலைநீளத்தைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் காதங்கி என்ற ஊரில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்குள்ள ரேடார் 1,024 ஆன்டெனாக்கள் மூலம் 53 மெகாஹெர்ட்ஸ் அலையை வானத்துக்கு அனுப்புகிறது. அது முதலில் அமைக்கப்பட்டபோது உச்சத் திறன் 2.5 மெகாவாட். கேட்பதற்கு மலைப்பாக இருந்தாலும் அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 5.7 மீட்டர். அதன் ஒரு போட்டானில் (கதிரின் ஆற்றல் துணுக்கில்) உள்ள ஆற்றல், 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிரின் போட்டானில் உள்ளதில் இரண்டு கோடியில் ஒரு பங்குதான். வேதிப்பிணைப்பை மாற்றத் தேவைப்படுவது தனித்தனிப் போட்டானின் ஆற்றல். அது குறைவாக இருந்தால் எத்தனை மெகாவாட் சேர்த்தாலும் பொருள் சூடாகலாமே தவிர மரபணு உடையாது.

கைப்பேசி அலைக்கும் இதே கணக்குத்தான். 5ஜி சோதனையால் கொரோனா பரவுகிறது என்ற வதந்தி கிளம்பியபோது, 2021 மே மாதம் மத்திய தொலைத்தொடர்புத் துறை மறுப்பு வெளியிட்டது. அன்று நாட்டில் எங்குமே 5ஜி சோதனை தொடங்கியிருக்கவில்லை!

254 நானோமீட்டர்

டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் 260 நானோமீட்டருக்கு அருகிலுள்ள புற ஊதாக் கதிரை நன்றாக உறிஞ்சுகின்றன. பாதரச விளக்கு உமிழும் 254 நானோமீட்டர் கதிர் அதற்கு வெகு அருகில் அமைந்தது ஒரு நல்ல தற்செயல். கதிர் பட்டதும் மரபணு இழையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு காரங்கள் (டி.என்.ஏ.வில் தைமின், ஆர்.என்.ஏ.வில் யுராசில்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இழையைப் படியெடுக்கும் நொதி அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. வைரஸின் ஓடு பெரும்பாலும் அப்படியே இருக்கும், ஆனால் அதனால் பெருக முடியாது.

சூரிய ஒளியிலும் புற ஊதா இருக்கிறது. ஆனால் 280 நானோமீட்டருக்குக் கீழுள்ள சி வகைக் கதிரை ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. ராயலசீமையின் சித்திரை வெயிலிலும் அது தரைக்கு வருவதில்லை. பி வகைக் கதிர் மட்டும் ஓரளவு வருகிறது. அன்றைய சித்தூர் மாவட்டத்தில் மதனபள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் டேனிஷ் மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமொட்-மொல்லர் 1915-இல் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, மருத்துவர்கள் நம்பியது காற்றையும் வெளிச்சத்தையும்தான். காசநோய்க்குக் காரணம் பாக்டீரியா, வைரஸ் அல்ல; என்றாலும் காற்றில் பரவும் நோய்க்குக் காற்றோட்டமே முதல் தடுப்பு என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

செயற்கைக் கதிரைக் காற்றில் பயன்படுத்திப் பார்த்தவர் அமெரிக்கரான வில்லியம் வெல்ஸ். ஃபிலடெல்ஃபியா பகுதிப் பள்ளிகளில் 1937 முதல் அறையின் மேல்பாகத்தில் விளக்குகளைப் பொருத்தித் தட்டம்மை பரவல் குறைவதைக் காட்டினார். இந்தியாவில் 2020-இல் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. செய்த கருவியில் 43 வாட் விளக்குகள் ஆறு இருந்தன. 12 அடிக்கு 12 அடி அறைக்குச் சுமார் 10 நிமிடம் போதும் என்றார்கள். மறு ஆண்டு, சண்டிகரில் உள்ள அறிவியல் கருவி ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஓ. உருவாக்கிய, ஏசி குழாய்க்குள் பொருத்தும் அமைப்பு நாடாளுமன்றத்தில் நிறுவப்பட்டது. குழாய்க்குள் வைப்பதே புத்திசாலித்தனம்: கதிர் மனிதர் மேல் படாது, காற்றின் மேல் மட்டும் படும்.

விளக்கை வாங்கும் முன்

நிழலில் இருக்கும் வைரஸைக் கதிர் தொடாது. தூசி படிந்தாலும், விளக்கு தள்ளியிருந்தாலும், நேரம் குறைந்தாலும் பலன் இல்லை. கையில் பிடித்து இரண்டு நொடி காட்டும் 'யூவி டார்ச்' வகையறா பெரும்பாலும் மன ஆறுதலுக்குத்தான்.

தீங்கோ நிச்சயம். கண்ணின் கருவிழிப் படலம் எரியும்; வெல்டிங் பட்டறையில் கண்ணாடி போடாதவருக்கு இரவில் மணல் விழுந்ததுபோல் உறுத்துவதற்கும் இதே கதிர்தான் காரணம். தோலும் சிவந்து எரியும். சில விளக்குகளிலிருந்து மூச்சுக்குழலை உறுத்தும் ஓசோன் வாயுவும் வரும். கையையோ தோலையோ புற ஊதா விளக்கால் சுத்தப்படுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் எச்சரித்தது. 222 நானோமீட்டர் கதிர் தோலின் இறந்த மேலடுக்கைத் தாண்டாததால் பாதுகாப்பானதாக இருக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதுவும் பரவலான வீட்டுச் சாதனம் ஆகிவிடவில்லை.

மைக்ரோ அலையால் வைரஸை அதன் இயல்பான அதிர்வெண்ணிலேயே அதிரவைத்து உடைக்கும் முயற்சியும் உண்டு. தைவான் ஆய்வாளர்கள் 2015-இல் எச்3என்2 ஃப்ளூ வைரஸில் சுமார் 8 கிகாஹெர்ட்ஸ் அலையில் இதைக் காட்டினார்கள். ஆனால் உடலிலுள்ள நீர் அந்த அலையை விழுங்கிச் சூடாகும் என்பதால், நோயாளிக்குள் இதைச் செய்ய வழியில்லை.

அணு அணுவாக

உடலுக்குள் வைரஸைத் தடுப்பது மருந்தின் வேலை. அதற்கு வைரஸின் புரதம் எப்படி அசைகிறது என்று தெரிய வேண்டும். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்க முடியாது என்பதை 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் உடன் பணிபுரிந்த ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும் வகுத்தார்கள். ஒரு புரத அமைப்பு சரியா என்று உலகெங்கும் இன்றும் அந்த வரைபடத்தை வைத்தே சரிபார்க்கிறார்கள்.

மூலக்கூறு உருவகப்படுத்தலில் ஒவ்வோர் அணுவின் மீதும் செயல்படும் விசையைக் கணினி கணக்கிட்டு, நியூட்டன் விதிப்படி அதை நகர்த்துகிறது. ஓர் அடி (ஒரு நகர்வு) இரண்டு ஃபெம்டோ நொடி என்றால், ஒரு மைக்ரோ நொடியைப் பார்க்க 50 கோடி அடிகள் தேவை. 2006-இல் கிளாஸ் ஷுல்டன் குழு ஒரு சிறிய தாவர வைரஸை முழுதாக, சுமார் 10 லட்சம் அணுக்களோடு கணித்தது. 2020-இல் ரோமி அமாரோ குழு கொரோனா வைரஸ் உறையை 30.5 கோடி அணுக்களோடு கணித்தது. முள் புரதத்தைப் போர்த்தியிருக்கும் சர்க்கரை இழைகள் வெறும் மறைப்பு அல்ல, புரதம் திறந்து நிற்க முட்டும் கொடுக்கின்றன என்று தெரியவந்தது அப்போதுதான்.

எச்.ஐ.வி.யிலும் இத்தகைய கதை உண்டு. 2004-இல் சான் டியாகோவில் மெக்கமன் குழுவின் உருவகப்படுத்தலில், எச்.ஐ.வி.யின் இன்டக்ரேஸ் நொதியில் படிகப் படத்தில் தெரியாத ஒரு பள்ளம் திறந்தது. 2007-இல் அந்த நொதியைத் தடுக்கும் முதல் மருந்து ரால்டெக்ரவிர் அனுமதி பெற்றது. இன்று எச்.ஐ.வி. சிகிச்சைக்கான அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் தரப்படும் டோலுடெக்ரவிரும் அதே நொதியைத்தான் தடுக்கிறது.

கணினியிலிருந்து மருந்துக்கடைக்கு

திருப்பதியில் இத்தகைய ஆய்வுக்கான கல்வித்துறைகள் இருக்கின்றன. ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் வைரஸியலுக்குத் தனித்துறை, ஸ்விம்ஸ் மருத்துவ நிறுவனத்தில் உயிர்த்தகவலியல் துறை, 2015-இல் தொடங்கிய ஐசரும் ஐஐடியும் என்று ஒரே ஊரில் எல்லாம் கூடியிருப்பது அரிது.

இவ்வகை ஆய்வுகளின் செய்தியை வாசிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொரோனா காலத்தில் மஞ்சள், துளசி, கபசுரக் குடிநீரின் மூலிகைகள் என ஏராளமான மூலக்கூறுகளைக் கணினியில் வைரஸ் புரதத்தோடு பொருத்திப் பார்த்து ஆய்வுக் கட்டுரைகள் குவிந்தன. பொருந்துகிறது என்ற மதிப்பெண் ஓர் ஊகம் மட்டுமே. அந்த மூலக்கூறு குடலில் உறிஞ்சப்படுமா, கல்லீரல் அதைச் சிதைத்துவிடுமா, வேறு உறுப்பைக் கெடுக்குமா என்று அது சொல்லாது. கணினியில் சலித்தெடுத்த மூலக்கூறிலிருந்து தொடங்கி, அதை ஆய்வகத்தில் திருத்தி, விலங்குகளிலும் நோயாளிகளிலும் சோதித்துத்தான் ஜப்பானின் ஷியோனோகி நிறுவனம் என்சிட்ரெல்விர் என்ற கொரோனா மாத்திரைக்கு 2022 நவம்பரில் அந்நாட்டின் அவசர அனுமதியைப் பெற்றது.